மஞ்சள் கூஜாவும் இரண்டு சிறிய டர்போக்களும்

பல கார்களின் பின்புறத்தில் ‘டர்போ’ என்று ஒட்டியிருப்பதைப் பார்க்கிறோம். எஞ்சினுக்குக் கூடுதல் பலம் தரும் ஏதோ ஒரு சாமான் என்று தெரியும். அது பெரிதாக இருந்தால் பலமும் பெரிதாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். கார் மேல் பித்துள்ள இளைஞர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ரெனோ நிறுவனம் 1977 முதல் 1979 வரை உலகம் பார்க்க, கேலிக்கு நடுவே கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றைத்தான் இந்த முறை எழுதுகிறேன். நம் நாட்டு விளம்பரங்களில் ‘ரெனால்ட்’ என்கிறார்கள். பிரெஞ்சில் படித்த என் போன்றவர்களின் வாயில் அது ‘ரெனோ’தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் டர்போ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வேகத்தோடு வருகிறது. அந்த வேகத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழல விடுகிறார்கள். இது டர்பைன். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். இது கம்ப்ரசர். வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுவது இதன் வேலை. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியும், பலமும் கூடும். வீணாகும் புகையைக் கொண்டே இந்த வேலை நடப்பதுதான் இதன் அழகு.

இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸின் ஒகுயுஸ்த் ரத்தோ இதை விமான எஞ்சின்களுக்குச் செய்து பார்த்தார். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும் என்பதால் விமானத்துக்கு இது பெரிய உதவி. பிறகு கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்கு வந்தது. 1962-ல் அமெரிக்காவில் இரண்டு கார்களில் பொருத்தி விற்றார்கள். 1968-ல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் டர்போ எஞ்சின் முதன்முறையாக வென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானமும் கப்பலும் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுபவை. இண்டியானாபொலிஸ் ஓடுபாதையும் அகன்ற வளைவுகள் கொண்டது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது குறைவு. டர்போவின் சக்கரம் சுழன்றபடியே இருக்கும். ஐரோப்பியப் பந்தயப் பாதைகள் அப்படியல்ல. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து, மறுபடி முடுக்க வேண்டும்.

ஃபார்முலா 1 பந்தயத்தில் 1966 முதல் ஒரு விதி இருந்தது. சாதாரண எஞ்சின் என்றால் 3 லிட்டர் வரை. காற்றை அழுத்தி ஊட்டும் எஞ்சின் என்றால் 1.5 லிட்டர் வரைதான். பாதி அளவு எஞ்சினோடு போட்டியிட யார் வருவார்கள்? பத்து ஆண்டுகளுக்கு மேல் எவரும் வரவில்லை. ரெனோ வந்தது.

பாரிஸுக்குத் தெற்கே விரி-ஷத்தியோன் என்ற ஊரில் அவர்களுடைய எஞ்சின் பட்டறை. ஃப்ரான்சுவா கஸ்தேங் வடிவமைத்த வி6 எஞ்சின் கையில் இருந்தது. பெர்னார் தியுதோ என்ற பொறியாளர் 1973-ல் அமெரிக்கா சென்று டர்போ தொழில்நுட்பத்தைக் கற்றுவந்தார். அந்த எஞ்சினை 1,492 கன செ.மீ. அளவுக்குச் சுருக்கி, அதன் மேல் ஒரே ஒரு பெரிய டர்போவைப் பொருத்தினார்கள்.

ஏன் பெரியது? கணக்கு எளிது. 1.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 8,200 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். அதே வேகத்தில் 3 லிட்டர் எஞ்சின் இழுப்பது 16,500 லிட்டர். அதற்குச் சமமாக நிற்க வேண்டுமானால் காற்றை இரண்டு மடங்கு அடர்த்தியாக்கித் தள்ள வேண்டும். உச்ச வேகத்தில் அவ்வளவு காற்றைத் தரக்கூடிய கம்ப்ரசரைத் தேடினால் அது பெரிதாகத்தான் இருக்கும்.

1977 ஜூலை 16-ம் தேதி இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் அந்த மஞ்சள் நிறக் கார் களமிறங்கியது. ஓட்டியவர் ழான்-பியேர் ழபூய். 21-வது இடத்தில் புறப்பட்டு, டர்போ பழுதாகிப் பாதியில் நின்றது. அந்த ஆண்டு புறப்பட்ட நான்கு போட்டிகளில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. எஞ்சின் வெடித்து வெள்ளைப் புகை விடும் காட்சி வழக்கமாகவே, ஆங்கிலேயர்கள் அதற்கு ‘மஞ்சள் தேநீர்க் கூஜா’ என்று பெயர் வைத்தார்கள்.

உடைவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஓட்டுநரின் காலடியில் இருந்தது. வளைவில் காலை எடுத்ததும் புகை குறையும், பெரிய சக்கரம் தளர்ந்துவிடும். வளைவு முடிந்து மிதித்தால் உடனே ஒன்றும் நடக்காது. சக்கரம் மறுபடி வேகம் பிடித்த பிறகு, பலம் முழுவதும் ஒரேயடியாக வந்து விழும். அதனால் ழபூய் வளைவு முடியும் முன்பே, வரப்போகும் பலத்தைக் கணித்து மிதிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இதை ‘லேக்’, அதாவது பின்தங்கல் என்பார்கள். பிரெஞ்சில் ‘தாம் தெ ரெபோன்ஸ்’ என்பார்கள். பதில் சொல்ல எடுக்கும் நேரம் என்று பொருள். எனக்குப் பிரெஞ்சுச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. கால் கேள்வி கேட்கிறது, எஞ்சின் யோசித்துப் பதில் சொல்கிறது.

இதற்குக் காரணம் சக்கரத்தின் அளவு. ஒரே வடிவம், ஒரே உலோகம் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் சுழற்சியை மாற்றுவதற்கு உள்ள தடை 32 மடங்காகும். கொஞ்சம் பெரிதாக்கினாலே வெகுவாக மந்தமாகிவிடும்.

கம்ப்ரசருக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. அழுத்தம் அதிகமாக இருந்து, காற்றின் ஓட்டம் மிகக் குறைந்தால், தள்ளிய காற்றே திரும்பி வந்து சக்கரத்தை மோதும். இதை ‘சர்ஜ்’ என்கிறார்கள். தொடர்ந்தால் தாங்கு உருளைகள் கெடும். மறுபக்கம், ஓர் அளவுக்கு மேல் என்ன வேகத்தில் சுழன்றாலும் கூடுதல் காற்று போகாது, சூடு மட்டும் ஏறும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எஞ்சின் அதிக நேரம் ஓடும்படி பார்த்துத் தேர்வு செய்வதே பொருத்தம்.

சூடு என்றேனே, அதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், கம்ப்ரசரின் செயல்திறன் 70 விழுக்காடாக இருக்கும்போது, வெளிவரும் காற்று சுமார் 125 டிகிரி இருக்கும். சூடான காற்று மெலிந்தது. எஞ்சினுக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கவும் அதுவே காரணம். ஆகவே காற்றைக் குளிர்விக்க ‘இன்டர்கூலர்’ வேண்டும். அதுவும் அளவோடு இருக்க வேண்டும். மிகச் சிறிதானால் குளிராது, மிகப் பெரிதானால் நிரப்பவே நேரம் பிடிக்கும், பதில் மறுபடி தாமதமாகும்.

நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு கோப்பு ஐந்து மேசைகளைத் தாண்ட வேண்டும். ஒரு மேசையில் மட்டும் அசுர வேகத்தில் எழுதும் ஆளை உட்கார வைத்தால் கோப்பு வேகமாகப் போகாது, அடுத்த மேசையில் மலைபோல் குவியும். டர்பைன், கம்ப்ரசர், இன்டர்கூலர், எரிபொருள் பம்ப், அதிகப்படியான புகையை வெளியேற்றும் ‘வேஸ்ட்கேட்’ வால்வு என்ற ஐந்தும் அப்படிப்பட்ட மேசைகள்.

1978-ல் ரெனோ லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை டர்போ எஞ்சினோடு வென்றது. ஃபார்முலா 1-ல் அந்த ஆண்டு அமெரிக்காவில் நான்காம் இடம் பிடித்து முதல் புள்ளிகளைப் பெற்றது. 1979 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கியலாமியில் ழபூய் முதலிடத்தில் புறப்படும் தகுதியை வென்றார். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மெலிந்த காற்றில் மற்ற எஞ்சின்கள் சோர்ந்தபோது டர்போ சோரவில்லை. ரத்தோ விமானத்துக்குக் கண்ட அதே நன்மைதான். ஆனாலும் அன்றைய பந்தயத்தைக் கார் முடிக்கவில்லை. வளைவுகள் நிறைந்த பாதைகளில் பழைய தாமதமும் தீரவில்லை.

அந்த ஆண்டின் நடுவில் தீர்வு வந்தது. ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். வி6 எஞ்சினில் இருபக்கமும் மும்மூன்று சிலிண்டர்கள். பக்கத்துக்கு ஒன்றாக, ஜெர்மனியின் கேகேகே நிறுவனத்தின் டர்போக்கள். சக்கரங்கள் சிறியவை, விரைவில் வேகம் பிடிப்பவை. புகைக்குழாய்கள் குட்டையானதால் புகையின் வேகமும் சூடும் வழியில் வீணாகவில்லை. மூன்று சிலிண்டர்களின் புகை ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் வரிசையாக வந்து டர்பைனைத் தட்டியது. எஞ்சின் அதேதான். காற்றின் மொத்தத் தேவையும் அதேதான். மாறியது பொருத்தம்.

1979 ஜூலை 1, பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ, திழோன் நகருக்கு அருகிலுள்ள ப்ரெனுவா பாதை. ழபூய் முதலிடத்தில் புறப்பட்டு, 80 சுற்றுகளை முடித்து முதலாவதாக வந்தார். பிரெஞ்சு ஓட்டுநர், பிரெஞ்சுக் கார், பிரெஞ்சு எஞ்சின், மிஷ்லேன் டயர், எல்ஃப் எரிபொருள். ஃபார்முலா 1-ல் டர்போவின் முதல் வெற்றி அது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய பந்தயத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இரண்டாம் இடத்துக்காக ஃபெராரியின் ழில் வில்நெவும் ரெனோவின் ரெனே ஆர்னுவும் சக்கரத்தோடு சக்கரம் உரசி நடத்திய சண்டையைத்தான் பேசுவார்கள். முன்னால் ஓடிய ழபூயை அன்று முழுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. அவர் 2023 பிப்ரவரியில் காலமானார்.

அதன்பின் கூஜா என்று சிரித்தவர்களே டர்போவுக்கு மாறினார்கள். ஆனால் பட்டம் ரெனோவுக்குக் கிட்டவில்லை. 1983 அக்டோபர் 15, அதே கியலாமி. சாம்பியன் பட்டத்துக்கு முன்னணியில் இருந்த அலென் ப்ரோஸ்தின் ரெனோ, டர்போ பழுதாகி நின்றது. இரண்டே புள்ளிகளில் நெல்சன் பிக்கே பட்டத்தை வென்றார். அவருடைய பி.எம்.டபிள்யூ எஞ்சினுக்கு ஒரே ஒரு டர்போ! அது வி6 அல்ல, நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். அதற்கு ஒன்றுதான் பொருந்தியது. ஆகவே ‘இரண்டு எப்போதும் நல்லது’ என்ற சூத்திரமும் கிடையாது. 1985-ம் ஆண்டு முடிவில் ரெனோவின் சொந்த அணி கலைந்தது. 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரனில் இருந்தது ஹோண்டாவின் வி6, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போக்கள். ரெனோ திழோனில் காட்டிய அதே அமைப்பு.

காரின் பலத்தைக் கூட்ட விரும்பும் பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு பெரிய டர்போ என்பதல்ல. எஞ்சினின் அளவு என்ன, எந்தச் சுற்று வேகத்தில் அதிக நேரம் ஓடப்போகிறது, அப்போது எவ்வளவு காற்று தேவை? அதற்கேற்ற கம்ப்ரசர், அதைச் சுழற்றும் டர்பைன், பிறகு இன்டர்கூலர், எரிபொருள் என்று வரிசையாக வர வேண்டும். பிஸ்டன் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். கூடவே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். சாலையில் ஓடும் வண்டியில் தன் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய அது இடம் கொடுப்பதில்லை.