மல்லாட்டையும் அம்மாவின் ஞாபகமும்

காட்கோபரில் தீபாவளி என்றால் டிரை ஃப்ரூட் டப்பாதான். இரண்டு வருடம் முன்பு எதிர் ஃபிளாட் குஜராத்திக் குடும்பம் கொடுத்த டப்பாவை அம்மாவிடம் நீட்டி, "தினம் நாலு பாதாம் சாப்பிடும்மா, ஞாபகசக்திக்கு நல்லது" என்றேன்.

அம்மாவுக்கு அப்போது வயது 76. ஊர் திண்டிவனம் பக்கம். கேஸை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து பார்ப்பதும், பேரனை என் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் தொடங்கியிருந்த சமயம். "பாதாம்லாம் எதுக்குப்பா? மல்லாட்டை கிடைச்சா வாங்கியா, அவிச்சித் தரேன்" என்றார்.

பையன் விழித்தான். அவனுக்கு அது வீட்டில் வேர்க்கடலை, பள்ளியில் ஷேங்தாணா, எதிர் வீட்டில் சிங், லோக்கல் ரயிலில் டைம்பாஸ். (கடலை போடுவது வேறு சமாச்சாரம், அதை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை :-))

மல்லாட்டை என்ற பேரில் ஒரு சரித்திரமே இருக்கிறது. நிலக்கடலையின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. நம் பக்கம் மணிலாக்கொட்டை என்று பேர் விழுந்தது அந்த மணிலாவால்தான். தென்னாற்காட்டு வாயில் அது தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்கும் சோப்புக்குமாகக் கப்பல் ஏறியது. 1940-இல் குடியாத்தம் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகம் டி.எம்.வி. 2. அந்த டி.எம்.வி. வேறு எதுவுமில்லை, எங்கள் திண்டிவனம்தான்!

சரி, மூளை விஷயத்துக்கு வருவோம். அக்ரூட் பருப்பு மூளை மாதிரி இருப்பதால் தலைக்கு நல்லது என்று 1657-லேயே இங்கிலாந்தில் வில்லியம் கோல்ஸ் எழுதிவிட்டார். உருவத்தைப் பார்த்து மருந்து சொன்ன காலம் அது. முறையாகச் சோதித்தது நம் காலத்தில்தான். 2015-இல் வெளியான பார்சிலோனா ஆய்வில், அந்த ஊர்ச் சாப்பாட்டோடு தினம் 30 கிராம் அக்ரூட், பாதாம், ஹேசல்நட் சேர்த்துச் சாப்பிட்ட முதியவர்களுக்கு நாலு வருடத்தில் ஞாபகச் சோதனையில் கொஞ்சம் முன்னேற்றம். ஆஸ்திரேலியாவில் எடை கூடிய 61 பேருக்கு 12 வாரம் வேர்க்கடலை கொடுத்துப் பார்த்தார்கள். மூளை ரத்தக் குழாய்கள் மேலாக வேலை செய்தன என்று 2017-இல் எழுதினார்கள். ஆனால் 63 முதல் 79 வயது வரை 700 பேருக்கு மேல் சேர்த்து இரண்டு வருடம் நடத்திய அக்ரூட் ஆய்வில் (2020), மொத்தத்தில் மூளைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை.

நான் பி.காம்., டாக்டர் இல்லை. என் கணக்கில் பேலன்ஸ் ஷீட் இதுதான்: கொட்டை நல்ல உணவு, இதயத்துக்கு நல்லது, மூளைக்குக் கொஞ்சம் உதவலாம். மருந்து இல்லை.

இது தெரியாமல் ஆறு மாதம் பாதாம் ஊறவைத்துக் கொடுத்தே நாளைக் கடத்தினேன். ஒருநாள் காய் வாங்கப் போன அம்மா, வீட்டுக்கு வழி தெரியாமல் ஸ்டேஷன் ரோட்டில் நின்றுவிட்டார். அப்புறம்தான் டாக்டரிடம் ஓடினேன். ரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு. வயதும் சைவச் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை. எந்தக் கொட்டையிலும் பி12 கிடையாது! ஊசி போட்டதில் தெளிவு பாதி திரும்பியது. மீதி திரும்பவில்லை. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று டாக்டர் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறினால் "வயசாச்சு" என்று விடாதீர்கள். முதலில் பி12, தைராய்டு பாருங்கள். கடலை தாராளமாகக் கொடுங்கள், உப்பு குறைத்து அவித்தோ, பல் இல்லாதவர்களுக்குத் துவையலாகவோ. பூஞ்சை பிடித்ததையும் கசப்பதையும் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

போன ஞாயிறு பச்சைக் கடலை கிடைத்தது. அவித்து வைத்தோம். சின்ன வயதில் மல்லாட்டை பிடுங்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டே அம்மா உரித்துக் கொடுத்தார். ஒரு பேர்கூடத் தவறவில்லை. பேரனை மட்டும் என் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவன் திருத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் மல்லாட்டை கொடு பாட்டி" என்றான்.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்? சொல்லிட்டுப் போங்க.