பழம் பத்திரிகைகளும் கோட்டையூர்ச் சேகரமும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்தவரும், விளம்பரப் பலகை எழுதும் தொழிலை மேற்கொண்டிருந்தவருமான ரோஜா முத்தையா செட்டியார் பண்டித உலகத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் பண்டிதர்கள் ஏறெடுத்தும் பாராத நாடக நோட்டீசுகளையும் கல்யாண அழைப்பிதழ்களையும், மாதந்தோறும் வந்து மறுமாதமே பொட்டலம் கட்ட மளிகைக் கடைக்குப் போய்விடும் சஞ்சிகைகளையும், அரிய நூல்களுக்குக் காட்டிய அதே சிரத்தையோடு அவர் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பின்பு, சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, கடல் கடத்திக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நிலைபெறச் செய்ததன் பயனாக, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று. தரம் பார்த்துச் சேர்ப்பவராக அவர் இருந்திருப்பாராயின், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ தப்பியிருக்கும். மலிவு விலைத் துப்பறியும் கதைகள் மண்ணாகியிருக்கும். உயர்வு தாழ்வு பாராட்டாத அந்த மனத்தையே அவருடைய பெருந்தொண்டாக நான் கருதுகிறேன்.

சஞ்சிகையைச் சஞ்சிகையாகவே காப்பதன் அருமைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ‘விவேக சிந்தாமணி’ இதழில் ராஜமையர் 1893 முதல் 1895 வரை எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலை இன்று நாம் ஒரே நூலாகப் படித்து முடித்துவிடுகிறோம்; அது பொது அறிவுக் கட்டுரைகளுக்கு இடையே, சிறிது சிறிதாக, அடுத்த பகுதிக்குக் காத்திருந்த வாசகர்களைச் சென்றடைந்தது என்பதை அந்நூல் நமக்குச் சொல்லுவதில்லை. பிற்காலத்தில் விகடனிலும் கல்கியிலும் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து பாதுகாத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் அநேகம். கதை பிழைத்தது அவர்களால்தான்; ஆயினும் அத்தகைய தொகுப்பொன்றைப் புரட்டினால், அத்தியாயத்தின் கடைசித் தாளுக்குப் பின்புறம் தலைப்பிழந்த கட்டுரை ஒன்றின் நடுப்பகுதியும், பாதியில் நின்றுபோன தைல விளம்பரமும் காணப்படும். நூலகங்களிலுங்கூட, பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிடும் வழக்கம் இருந்ததுண்டு. ஒரு தலைமுறை எந்த சோப்பை வாங்கிற்று, எந்த லேகியத்தை நம்பிற்று, அதற்கு என்ன விலை கொடுத்தது என்னும் செய்திகளெல்லாம் அத்தாள்களோடு போயின.

இதழ்க்கட்டைப் பிரித்து உட்காருகிறவர் முதலில் காலத்தை நிர்ணயிக்க வேண்டும். மாலை, மலர், தொகுதி, பகுதி என்று பத்திரிகைக்கு ஒரு கணக்கு. தேதியோ பலவற்றில் தமிழ் வருஷமும் மாதமுமாகவே இருக்கும். ‘பிரபவ’ என்று மட்டும் கண்டால், அது 1867-இல் பிறந்த பிரபவவா, 1927-இல் பிறந்ததா என்பதை உள்ளிருக்கும் விஷயத்தைக் கொண்டே தெளிய வேண்டும். மாதம் மாசியோ பங்குனியோ ஆனால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரையும் இடத்தையும் குறிக்கும் சிறிய வரி, 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது. பத்திரிகை கைமாறியதையும் ஊர் மாறியதையும் அந்த வரி மாறுவதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். இரண்டாம் உலகப் போரின் காகிதக் கட்டுப்பாட்டைக் கைகளே உணரும். இதழ்கள் அவ்வளவு மெலிந்துவிட்டன.

இவற்றின் பரம சத்துரு ராமபாணப் பூச்சி மட்டுமன்று. மரக்கூழ்க் காகிதம் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து, மடித்த இடத்தில் முறிந்து, கை பட்டவுடன் உதிர்கிறது. ஆகையால் நுண்படச் சுருளில் பதிந்துகொள்வது ரோஜா முத்தையா நூலகத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. ‘ஜகன்மோகினி’யை 1925 முதல் வை. மு. கோதைநாயகி அம்மாள் நடத்திய வரலாற்றை எழுதப் புகுவோர், ஒரே இடத்தில் எல்லா இதழ்களும் கிட்டும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. அந்நூலகத்தில் கிடைக்காத மாதத்தைப் புதுக்கோட்டை ஞானாலயாவிலும், அங்கும் இல்லையேல் மறைமலையடிகள் நூலகச் சேகரத்திலும் தேட நேரிடும். அப்படித் தேடிச் செல்பவர், தமக்கு வேண்டிய கட்டுரையை மட்டும் படம் பிடிக்காமல், அட்டை முதல் கடைசிப் பக்கத்து விளம்பரம் வரையில் பிரதி எடுத்து வருவாராக.