பழங்கற்படி

திருவண்ணாமலைக் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், நந்தா விளக்குக்கு எத்தனை ஆடு... எல்லாம் கணக்கு. கோயில் சுவர்தான் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க். சரி, அந்தச் சுவரையே இடிக்க வேண்டி வந்தால்?

பதில் அரியலூர் மாவட்டம் திருமழபாடியில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் (1013 வாக்கில்) அங்குள்ள விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னான். இடிக்கும் முன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் உத்தரவு. அவை புதுச் சுவரில் ஏறியது மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில். இடையில் சுமார் 13 வருஷம்! பிரதி எடுக்காமல் இடித்திருந்தால் கோயில் தன் நிலத்துக்கு எதைக் காட்டியிருக்கும்? இப்படித் திரும்ப வெட்டியவற்றில் சில இடங்களில் 'பழங்கற்படி' என்றே குறித்திருக்கிறார்கள். பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தது என்று லேபிள் ஒட்டுவது மாதிரி.

நிஜ டிஸ்க் 1956-இல் ஐபிஎம்மின் ரமாக்கோடு வந்தது. 24 அங்குலத் தட்டுகள் 50, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். 90-களில் 'ஸ்மார்ட்' என்ற முன்னெச்சரிக்கை வசதி வந்தது. அதை நம்பலாமா? 2007-இல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தது. ஒரு ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. ஆனால் செத்தவற்றில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் ஹெட் தட்டைக் கீறிவிடலாம்.

திருமழபாடிக்காரர்களுக்கு ஒரு வசதி. சுவர் என்றைக்கு விழும் என்று அவர்களுக்குத் தெரியும், இடித்ததே அவர்கள்தானே.