கோலார் தங்கவயலும் நம் கடமையும்

தங்கவயல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். சுரங்கவியல் படித்த எனக்கோ அது ஒரு பெரிய பாடம். அதை நம் மாணவச் செல்வங்களுக்கும் சொல்லி வைக்கலாம் என்றே இக்கட்டுரை.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் காலூன்றியது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து ஏழைத் தமிழர்கள், பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள், குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் காசாகக் கூலி கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள், சங்கம் வளர்ந்தது. இந்த நன்மையை மறுக்க முடியாது.

பொறியாளர்களின் சாதனையும் சாமானியமல்ல. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும்!

ஆனால் விலை கொடுத்தது யார்? டிரில் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தது. 1940களின் ஆய்வில், பரிசோதித்த தொழிலாளரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அந்நோய் இருந்தது. ஆழத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறியும் பலர் மாண்டனர்.

28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 800 டன் தங்கம் போயிற்று, ஊர் மிச்சமாயிற்று. கூடவே 3 கோடி டன்னுக்கு மேல் சயனைடு கழிவு மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூள் லைன் வீடுகளுக்குள் வரும். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் விடிகாலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

ஷாஃப்ட் எங்கே இறக்கணும், எத்தனை அடி இறக்கணும் என்று 120 வருஷம் கணக்குப் போட்டார்கள். மூடும் நாளுக்கு யாருமே கணக்குப் போடவில்லை. சுரங்கத்தை மூடும் திட்டம் கட்டாயம் என்ற விதி நம் நாட்டில் வந்ததே 2003இல்தான். தங்கவயலுக்கு இரண்டு வருஷம் பிந்திவிட்டது!

ஆகவே தம்பி, தங்கைகளே! நாளை நீங்கள் ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தூசி யார் மூக்கில் போகிறது? கழிவு யார் வாசலில் கிடக்கும்? வேலை முடிந்த மறுநாள் அந்த ஊர் எதைத் தின்னும்? இவற்றுக்கு விடை எழுதாத வரைபடம் முழுமையான வரைபடம் ஆகாது.