கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் ஈரல் புற்றும்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, உடல் மெலியத் தொடங்கினால், வீட்டார் முதலில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பார்ப்பதும், அதில் குணம் காணாவிட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், அங்கிருந்து சீட்டெழுதி அனுப்பினால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலேறி வடசென்னையில் இறங்கி ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வாசலில் நிற்பதும் பெரும்பாலும் நடந்துவரும் வழக்கம். அந்த வாசலுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. ஹைதர் அலியோடு கிழக்கிந்தியக் கும்பினியார் நடத்திய யுத்தகாலத்துப் பஞ்சத்தில் சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமும், 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் கும்பினி வைத்தியர் சுதேசிகளுக்கென்று தொடங்கிய சிறு வைத்தியசாலையும் ஒன்றுகூடி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி. கவர்னர் ஒருவரின் பெயரைத் தாங்கி, 1938-இல் கல்லூரியாக உயர்ந்த பின்னரும், பழைய வண்ணாரப்பேட்டை ஜனங்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்த அவ்விடத்தில் ஈரலை அறுக்கவும் மாற்றவும் கற்ற கதை, ஈரலில் புற்று வந்த ரோகியும் அவன் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதையாகும்.

பழவேற்காட்டுக்கும் ஈரல் சாஸ்திரத்துக்கும் காலத்தால் ஒரு விந்தையான பொருத்தம் அமைந்திருக்கிறது. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வியாபாரத்தைப் பழவேற்காட்டிலிருந்து ஆண்டுகொண்டிருந்த நாட்களில், 1654-இல், இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிளிஸ்ஸன் என்ற வைத்தியர் ஈரலின் உட்கட்டமைப்பை, அதனுள் புகும் நாளங்களோடும் அவற்றைப் போர்த்த உறையோடும் சேர்த்து விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்துவிட்டுப் போன டச்சுக்காரர் காலத்தில், இறந்த உடலின் ஈரலைப் பார்த்துப் படம் எழுதலாமே ஒழிய, உயிருள்ள மனிதனின் ஈரலில் கத்தி வைப்பதைப் பெரும்பாலோர் நினைத்தும் பார்த்ததில்லை. காரணம் ரத்தம். ஒன்றரை கிலோ எடையுள்ள இவ்வுறுப்பின் வழியே நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் நாளத்தின் வழியே வருகிறது. ஈரலோ தையலைத் தாங்காத மெத்தென்ற சதை.

1888-இல் பெர்லின் வைத்தியர் கார்ல் லாங்கன்பூக் ஒரு பெண்ணின் ஈரலின் இடப்பாகத்திலிருந்து கட்டியொன்றை வெட்டியெடுத்தார். அன்றே ரத்தம் பெருகியதால் வயிற்றை மறுபடியும் திறக்க நேர்ந்தது. ஆயினும் அவள் பிழைத்தாள். இருபது ஆண்டுகள் கழித்து, 1908-இல், கிளாஸ்கோவின் ஹோகார்த் பிரிங்கிள், ஈரலுக்குள் நுழையும் நாளங்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும் என்று எழுதினார். அவர் கண்ட ரோகிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்தப் பிடியோ, ரப்பர்க் குழாயாகவும் கவ்வியாகவும் உருமாறி, இன்றும் ஈரல் அறுக்கும் ஒவ்வொரு மேஜையிலும் இருக்கிறது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஹனோய் நகரத்துத் தோன் தாட் துங். பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த வியட்நாமில், மாணவராக இருந்தபோதே நூற்றுக்கணக்கான ஈரல்களைச் சுரண்டிச் சுரண்டி அவற்றின் நாளங்கள் கிளைக்கும் வகையை எழுதிவைத்து, பிற்காலத்தில், யுத்தமும் வறுமையும் சூழ்ந்த ஆஸ்பத்திரியில், விரல்களாலேயே ஈரல் சதையை நசுக்கி, நசுங்காமல் எஞ்சும் நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டும் முறையைக் கண்டு, சில நிமிஷங்களில் ஒரு பாகத்தை எடுத்துக் காட்டியவர் அவர். நாகரிக தேசங்களின் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் எதுவும் நடவாது என்ற அபிப்பிராயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இதற்கிடையே, 1950களில், பாரிஸ் நகரத்து குளோட் குய்னோ ஈரலை எட்டுக் கண்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றும் தனக்கென ரத்த நாளமும் பித்தக்குழலும் உடையது என்று நிறுவினார். பழவேற்காட்டுப் பட்டினவ மீனவர் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் பாடு முறையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்: கரையில் நிற்பவன் கண்ணுக்கு ஏரி ஒரே நீர்ப்பரப்பு, எந்த இடம் எந்த நாளில் யாருடைய பாடு என்பது அங்கே வலை கட்டுபவனுக்குத் தெரியும். அவ்வாறே, வெளியே பார்த்தால் கோடே இல்லாத ஈரலில், ஒரு கண்டத்தை மட்டும் எடுத்து மற்றவற்றின் நாளங்களைத் தொடாமல் விடுவது அன்றுமுதல் சாத்தியமாயிற்று.

ஆனாலும் ரோகிகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். 1970களில் அமெரிக்காவில் தொகுத்த கணக்கின்படி, ஈரலின் பெரும்பாகத்தை எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சஸ்திர சிகிச்சையிலோ அதை ஒட்டிய நாட்களிலோ மாண்டார். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த பிறகும் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு வைத்திய உலகம் மெள்ள மெள்ளக் கண்ட விடையே இந்தச் சரித்திரத்தின் சாரம் என்பது என் துணிபு: எடுத்தது எவ்வளவு என்பதல்ல, எஞ்சியது எவ்வளவு, அது எந்த நிலையில் இருந்தது என்பதே உயிரை நிர்ணயித்தது. குற்றமற்ற ஈரலில் நாலில் ஒரு பங்கு எஞ்சினாலே போதும். சில வாரங்களில் அது வளர்ந்து குறையை நிரப்பிக்கொள்ளும். ஆனால் ஈரலில் புற்று தோன்றுகிறவர்களுள் பெரும்பாலோர்க்கு ஈரல் ஏற்கெனவே சுருங்கி இறுகிப்போயிருக்கிறது. அத்தகைய ஈரலில் பத்தில் நாலு பங்காவது எஞ்ச வேண்டும். நோய் முற்றிய ஈரலாயின் ஒரு சிறு கண்டத்தை எடுப்பதையும் அது தாங்காது. எஞ்சும் பங்கு போதாதென்று தோன்றினால், எடுக்கப்போகும் பாகத்துக்குச் செல்லும் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்து, மறுபாகத்தைச் சில வாரங்கள் வளரவிட்டுப் பிறகு அறுக்கும் யுக்தியை 1980களில் ஜப்பானியர் கண்டார்கள். ரோகி அதிருப்தியோடு, இன்னும் ஏன் தாமதம் என்று கேட்கும் அந்தச் சில வாரங்கள் பலரின் ஆயுளைக் காத்திருக்கின்றன. இன்று தேர்ந்த இடங்களில் இச்சிகிச்சையால் நேரும் மரணம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

இனி, ஈரல் ஏன் சுருங்குகிறது என்பது. மது ஒரு காரணம். அதைப்பற்றி ஊரே பேசுகிறது. ஊர் பேசாத காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ். அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பர்க் 1960களில் கண்டறிந்து, 1976-இல் நோபல் பரிசு பெறக் காரணமான இந்த வைரஸ், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், ரத்தத்தாலும், சுத்தமற்ற ஊசியாலும், ஒருவர் கத்தியை மற்றவர் சவரத்துக்கு எடுப்பதாலும், தாம்பத்திய உறவாலும் தொற்றுகிறது. ஒரே பானையில் உண்பதாலோ ஒரே படகில் போவதாலோ தொற்றுவதில்லை. புளூம்பர்க்கோடு சேர்ந்து சென்னை ஆராய்ச்சியாளர் எஸ். பி. தியாகராஜன் முதலானோர் நம் கீழாநெல்லியைச் சோதித்து, 1988-இல் லான்செட் பத்திரிகையில், அதை உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று அறிவித்தபோது, உலகம் நிமிர்ந்து பார்த்தது. தாய்லாந்து முதலிய இடங்களில் நடந்த பிற்காலச் சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. கீழாநெல்லியைப் பழிக்க வேண்டிய அவசியமில்லை. அதை நம்பிக் கட்டி வளர இடம் கொடுப்பதுதான் ஆபத்து. மறுபுறம், பிறந்த குழந்தைகளுக்கு 1984 முதல் பி தடுப்பூசி போட்டுவந்த தைவானில், சிறுவர்களிடையே ஈரல் புற்று குறைந்தது என்று 1997-இல் நிரூபணமாயிற்று. இந்தியா முழுவதும் அத்தடுப்பூசி பரவியது 2011-இல். அதற்கு முன் பிறந்த மீனவத் தலைமுறையில் பெரும்பாலோர் அதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஈரலையே மாற்றும் வித்தை 1963-இல் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸிலின் தோல்வியோடு தொடங்கி, 1967-இல் அவர் கையிலேயே வெற்றி கண்டது. இந்தியாவில் இந்த வித்தையால், 1998-இல் தில்லியில், பிழைத்த முதல் குழந்தை காஞ்சிபுரத்துக் குழந்தை. ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அதன் தகப்பனார். ஈரலில் புற்று உள்ளவர்களில் யாருக்கு மாற்றலாம் என்ற அளவுகோலை 1996-இல் மிலான் நகரத்து மஸ்ஸஃபெரோ வகுத்தார்: கட்டி ஒன்றேயானால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் மூன்றுக்கு மேற்படாமலும், ரத்தக்குழாயில் புகாமலும், ஈரலுக்கு வெளியே பரவாமலும் இருக்க வேண்டும். அவ்வளவில் மாற்றப்பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் நான்காண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். மூளைச்சாவடைந்தோர் உறுப்புகளைப் பங்கிடும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008-இல் வகுக்கப்பட்டதை அடுத்து, 2009-இல் டாக்டர் ஆர். சுரேந்திரன் குழுவினர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்று சிகிச்சையைத் தொடங்கினார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கும் இடமுண்டு.

ஆகவே ஈரலில் கட்டி என்று கேட்டவுடன், அறுத்தால் போகுமா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. எஞ்சும் ஈரல் எவ்வளவு, அதற்குச் சுருக்கம் உண்டா, வயிற்று நீர் உண்டா, அறுக்காமல் ஊசியால் சுட்டோ தமனியில் மருந்திட்டு அடைத்தோ சமாளிக்கலாமா, மாற்று சிகிச்சைக்குப் பெயர் பதியலாமா என்பவற்றை டாக்டரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். அறுத்து எடுத்தபின் ஐந்து ஆண்டுகளுக்குள் பலருக்கு மறுபடி கட்டி தோன்றுவதால், தையல் பிரித்த நாளோடு சிகிச்சை முடிந்ததாக எண்ணாமல், சொன்ன தவணைக்கு ஸ்கேனுக்கு வரவேண்டும்; பி வைரஸ் உள்ளவர் அதற்கான மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது; மதுவை மறுபடி தொடவே கூடாது. ஈரல் சுருங்கியவர்க்குக் கட்டி இல்லாதபோதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் அவசியம். சிறிய கட்டி வலிப்பதில்லை. ஆனால் கத்திக்கு எளிதில் இடம்கொடுப்பது சிறிய கட்டிதான். கோட்டைக்குப்பமாயினும் ஆண்டிக்குப்பமாயினும், ஒரு வீட்டில் ஒருவருக்குப் பி வைரஸ் இருப்பது தெரிந்தால், அவர் மனைவி, மக்கள், உடன்பிறந்தார் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தைக்கு முதல் ஊசியை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கேட்டு வாங்குங்கள்.