ஒப்புக்கொண்ட கூலியும் நீதியான கூலியும்: கட்டற்ற சந்தை குறித்த கிறித்தவ அறவியல் விவாதம் (1831–1991)

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளி தானே முன்வந்து ஒப்புக்கொண்ட கூலி, அவ்வொப்புதலால் மட்டுமே நீதியான கூலி ஆகிவிடுமா? கட்டற்ற சந்தையின் அறத்தகுதி குறித்துக் கிறித்தவச் சிந்தனையாளரிடையே எழுந்த விவாதம் இவ்வினாவையே மையமாகக் கொண்டிருந்தது. சந்தையை இறைத்திட்டத்தின் வெளிப்பாடாகக் கண்ட ஆங்கிலேய இறையியலர், 1889ஆம் ஆண்டின் இலண்டன் துறைமுக வேலைநிறுத்தம், 1891ஆம் ஆண்டின் திருத்தந்தையின் சுற்றுமடல், அதன் பின்வந்த வளர்ச்சிகள் ஆகியவற்றின் வழி இவ்விவாதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற சந்தை, நியாய விலை, வாழ்வூதியம், ஒப்பந்தச் சுதந்திரம், சமூகச் சுற்றுமடல்கள்

முன்னுரை

கூலி குறித்து விவிலியம் பேசும் இடங்கள் பல. அறுவடை செய்தோருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் (5:4) எச்சரிக்கிறது. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் இயலில் வரும் திராட்சைத் தோட்ட உவமையோ இருபொருள் தரத்தக்கது. காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் உரிமையாளர் ஒரே நாட்கூலி தருகிறார். முணுமுணுத்தவரிடம், பேசிய கூலியைக் கொடுத்தாயிற்று என்கிறார். ஒப்பந்தத்தின் உறுதியும், உழைத்த நேரத்தைக் கருதாத கொடையும் ஒரே கதையில் இணைந்துள்ளன. பிற்காலத்தில் சந்தையை ஆதரித்தோர் முதற்கூற்றையும், அதனைக் கண்டித்தோர் இரண்டாம் கூற்றையும் பற்றிக்கொள்ள இவ்வுவமை இடமளித்தது.

நியாய விலை மரபு

இடைக்காலத் திருச்சபை சந்தைக்கு முற்றிலும் எதிரானது என்னும் பொதுக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. விலையின் நியாயத்தைத் துல்லியமான ஓர் எண்ணில் நிறுத்த இயலாது என்பதைத் தாமஸ் அக்குவினாஸ் ஏற்றிருந்தார். பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பானிய இறையியலர் ஒருபடி மேற்சென்று, ஏமாற்றும் முற்றுரிமையும் இல்லாத இடத்தில் பொதுமதிப்பீட்டால் அமையும் விலையே நியாய விலை என்றனர். அவர்களுள் ஒருவரான லூயிஸ் டி மொலினா இந்நெறியைக் கூலிக்கும் பொருத்தினார். பணிக்கு அவ்விடத்தில் வழங்கும் கூலியைக் கொடுத்தல் போதும். பணியாளரின் குடும்பம் பிழைக்கப் போதுமான தொகையைத் தருதல் முதலாளியின் நீதிக்கடன் அன்று என்பது அவர் நிலைப்பாடு. எனவே வாழ்வூதியக் கோரிக்கையைப் பழைய மரபின் எளிய நீட்சியாகக் கொள்ள இயலாது. அது தொழிற்புரட்சிக் காலத்தில் புதிதாக வாதிட்டு நிறுவப்பட வேண்டிய ஒன்றாக இருந்தது.

சந்தையில் இறைத்திட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியப் பொருளியலை வளர்த்தோருள் குருமாரும் இருந்தனர். மக்கள்தொகைக் கோட்பாட்டை வகுத்த தாமஸ் மால்தஸ் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு. ஆக்ஸ்போர்டில் அரசியற்பொருளியல் பேராசிரியராக இருந்து பின் டப்ளின் பேராயரான ரிச்சர்டு வேட்லி, 1831இல் வெளியிட்ட விரிவுரைகளில், இலண்டன் மாநகருக்கு நாள்தோறும் உணவு வந்து சேரும் முறையை எடுத்துக்காட்டினார். தத்தம் ஆதாயத்தையே நாடும் வணிகர்கள், எவரும் திட்டமிடாமலேயே ஒரு பெருநகரின் தேவையை நிறைவு செய்கின்றனர். இவ்வொழுங்கு படைத்தவரின் ஞானத்திற்குச் சான்று என்பது அவர் வாதம். ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ், ஏழைகளுக்குச் சட்டவழி உதவியைக் காட்டிலும் அண்டையாரின் தன்னார்வக் கொடையே ஒழுக்கத்தை வளர்க்கும் என்று கருதி, 1819 முதல் கிளாஸ்கோவின் பங்கு ஒன்றில் அதனைச் செயற்படுத்தினார்.

இவர்கள் ஏழைகள்பால் இரக்கமற்றவர் அல்லர். இரக்கம் கொடையின் பாற்பட்டது, விலை நீதியின் பாற்பட்டது என்னும் பகுப்பே இவர்தம் சிந்தனையின் அடித்தளம். கூலி ஒரு விலையாதலின், சந்தை அதனை அமைக்கும்; குறைவைக் கொடை நிரப்பும்.

இப்பகுப்பைக் கிறித்தவருள் வேறு சிலர் ஏற்கவில்லை. சார்லஸ் கிங்ஸ்லி 1850இல் எழுதிய சிறுநூலில், மலிவான ஆடைக்கான போட்டி இலண்டன் தையற்காரர்களின் கூலியை எவ்வாறு அழுத்திற்று என்பதை விவரித்தார். செருமனியில் மைன்ஸ் மறைமாவட்ட ஆயர் கெட்டலர், உழைப்பு ஒரு சரக்காகி, அதன் விலை அளிப்பாலும் தேவையாலும் மட்டுமே உறுதியாவதை 1864ஆம் ஆண்டு நூலில் கண்டித்தார்.

1889: இலண்டன் துறைமுகம்

கோட்பாட்டு விவாதம் களத்திற்கு வந்தது 1889 ஆகஸ்டில். இலண்டன் கப்பல்துறைக் கூலியாட்கள் பெரும்பாலோர் நிரந்தர வேலையற்றவர். துறைமுக வாயிலில் கூடி நிற்போரிலிருந்து தேவையான எண்ணிக்கையினர் மட்டும் சில மணி நேரத்திற்கென அழைக்கப்படுவர். ஒப்பந்தம் உண்டு, வற்புறுத்தல் இல்லை. வேண்டாதவர் திரும்பிச் செல்லலாம். சட்டநோக்கில் இது முழுச் சுதந்திரம்.

மணிக்கு 5 பென்சு என்றிருந்த கூலியை 6 பென்சு ஆக்குக என்பதும், அழைக்கப்பட்டவருக்குக் குறைந்தது நான்கு மணி நேர வேலை தருக என்பதும் முதன்மைக் கோரிக்கைகள். பென் டில்லெட், ஜான் பர்ன்ஸ், டாம் மேன் ஆகியோர் தலைமை ஏற்றனர். கத்தோலிக்கக் கர்தினால் ஹென்றி எட்வர்டு மேனிங், அப்போது 81 வயதினர், இருதரப்பினரிடையே நடுவராக நின்றார். உழைப்பும் ஒருவகை மூலதனமே, தொழிலாளியின் உடைமையே என்று 1874இல் லீட்ஸ் நகரில் ஆற்றிய உரையில் அவர் முன்னரே வாதிட்டிருந்தார். செப்டம்பர் நடுவில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி நவம்பர் முதல் 6 பென்சு கூலி நடைமுறைக்கு வந்தது.

இந்நிகழ்வு ஓர் உண்மையைப் புலப்படுத்திற்று. வாயிலில் தனித்தனியே நின்றபோது 5 பென்சுக்கு ஒப்பியவர்கள், கூடி நின்றபோது அதனை மறுத்தனர். முன்னைய ஒப்புதல் அவர்தம் விருப்பத்தின் அளவா, பசியின் அளவா என்னும் ஐயம் இதனால் எழுந்தது.

1891: சுற்றுமடலின் தருக்கம்

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891 மே 15இல் வெளியிட்ட ‘இரேரும் நொவாரும்’ சுற்றுமடல் தனியுடைமையை உறுதியாக ஆதரித்தது. சமவுடைமைக் கொள்கையை மறுத்தது. ஆயினும் கூலி பற்றிய பகுதியில் ஒப்பந்தவாதத்தை நேர்நின்று எதிர்கொண்டது. உழைப்புக்கு இரு இயல்புகள் உண்டு என்பது அதன் தொடக்கம். உழைப்பு ஒருவரின் சொந்த ஆற்றல். அவ்வளவே எனில் எக்கூலிக்கும் அவர் அதனைத் தரலாம். ஆனால் உழைப்பு உயிர்வாழ்வுக்கு இன்றியமையாததும் ஆகும். உயிரைக் காத்தல் கடமையாதலின், அதற்குப் போதாத கூலிக்கு இசைதல் ஒருவரின் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. தேவையாலோ அதனினும் பெருந்தீங்கிற்கு அஞ்சியோ அத்தகைய கூலியை ஏற்பவர் வன்முறைக்கு உட்பட்டவராகிறார்.

வேட்லியின் வாதத்திற்கு இது அளிக்கும் விடை நுட்பமானது. சந்தை உணவைக் கொண்டுவந்து சேர்ப்பதைச் சுற்றுமடல் மறுக்கவில்லை. காத்திருக்க இயன்றவருக்கும் இயலாதவருக்கும் இடையே நிகழும் பேரத்தில் ஒப்புதல் சமனானது என்னும் எடுகோளையே மறுக்கிறது. குறைந்த அளவு கூலி, இதனால் கொடையின் எல்லையிலிருந்து நீதியின் எல்லைக்குள் வந்தது.

பின்வந்த வளர்ச்சிகள்

அமெரிக்கக் குருவும் பொருளியல் அறிஞருமான ஜான் ரயன் 1906இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை வாழ்வூதியக் கோட்பாடாக விரித்தார். 1913ஆம் ஆண்டின் மின்னசோட்டா குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் பங்காற்றினார். எனினும் 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால், பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றைச் செல்லாததாக்கியது. அந்நிலைப்பாட்டை அந்நீதிமன்றமே 1937இல் கைவிட்டது.

சந்தை ஆதரவாளரின் வலுவான மறுப்பு, கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்பது. 1931ஆம் ஆண்டின் ‘குவாத்ரஜேசிமோ அன்னோ’ இதனைப் புறக்கணிக்கவில்லை. குடும்பத்தின் தேவையுடன் நிறுவனத்தின் நிலையையும் பொதுநலனையும் கருத வேண்டும் என்றது. மிகக் குறைந்த கூலியும் மிக உயர்ந்த கூலியும் வேலையின்மைக்குக் காரணமாகலாம் என்று ஒப்புக்கொண்டது. சோவியத் ஆதிக்கத்திலிருந்து கிழக்கு ஐரோப்பா விடுபட்டபின் 1991இல் வந்த இரண்டாம் யோவான் பவுலின் ‘செந்தெசிமுஸ் அன்னுஸ்’, தொழில்முனைவு, சந்தை, தனியுடைமை ஆகியவற்றின் ஆக்கப்பங்கை ஏற்கும் பொருளியலை வரவேற்றது. மனித விடுதலைக்குப் பணிபுரியும் சட்ட வரம்புக்குள் அடங்காத முதலாளியத்தை மறுத்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சந்தையைக் கிறித்தவம் ஏற்றதா, மறுத்ததா என்று வினவுவது இவ்வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும் என்பது தெளிவாகிறது. சந்தையை ஆதரித்தோரும் கண்டித்தோரும் மனிதரின் சுதந்திரத்தை மதித்தவர்களே. பசித்தவரின் ஒப்புதலுக்கு எவ்வளவு எடை தருவது என்பதிலேயே அவர்கள் பிரிந்தனர். நீதியான கூலி சந்தைக் கூலியினும் மிகுமிடத்து, அவ்வேறுபாட்டைத் தருவது முதலாளியா, அரசா, நுகர்வோரா என்னும் வினாவுக்குச் சுற்றுமடல்கள் முழுமையான விடை தரவில்லை. வேலைதோறும் தனி ஒப்பந்தம் பேசப்படும் பணிமுறைகள் பெருகிவரும் இன்றைய சூழலில், 1889ஆம் ஆண்டின் துறைமுக வாயிலில் எழுந்த வினா ஆய்வுக்குரியதாகவே நீடிக்கிறது.