விண்வெளிக் கப்பற்படைத் தலைவன் பிழைப்பது எப்படி? - ஓர் ஐம்பது ஆண்டு வரலாறு

விண்வெளிச் சண்டை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சீறிப் பாயும் லேசர் கதிர்களும் வெடித்துச் சிதறும் கப்பல்களும்தான். சினிமா அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. ஆனால் கணினி விளையாட்டுகளில் ஒரு தனி வகை உண்டு. அதில் விரல் வேகத்தை வைத்து யாரும் ஜெயிப்பதில்லை. எரிபொருள் எவ்வளவு மிச்சம், ஏவுகணை எத்தனை பாக்கி, திரும்பிப் போக நாள் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பவன்தான் பிழைக்கிறான். கணக்குத் தப்பினால் கப்பல் போகும். கப்பல் போனால் ஆட்டம் முதலிலிருந்து!

இந்த வகையை 'ரோக்லைக்' என்பார்கள். இதற்கு அஸ்திவாரம் இரண்டே விதிகள். ஒன்று, வரைபடம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. இரண்டு, செத்தால் செத்ததுதான். இந்த விதிகள் விண்வெளிக்குப் போனபோது, விளையாடுபவர் சண்டைக்காரனாக இருந்தால் மட்டும் போதவில்லை. பொறுப்புள்ள தலைவனாக மாற வேண்டி வந்தது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1971: காகிதத்தில் ஓடிய கப்பல்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மைக் மேஃபீல்ட் என்ற பள்ளி மாணவருக்கு, இர்வைனில் உள்ள பல்கலைக்கழகத்தின் சிக்மா 7 கணினியைத் தொடும் வாய்ப்பு 1971-ல் கிடைத்தது. 1962-ல் எம்.ஐ.டி.யில் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிச் சண்டை ஆட்டம் அவரைக் கவர்ந்திருந்தது. ஆனால் ஸ்பேஸ்வாருக்குத் திரை வேண்டும். மேஃபீல்டுக்குக் கிடைத்ததோ டெலிடைப் இயந்திரம். தட்டச்சு இயந்திரம் மாதிரி காகிதத்தில் எழுத்துகளை அடிக்கும், அவ்வளவுதான். கப்பல் பறப்பதையோ குண்டு பாய்வதையோ அதில் காட்ட வழியில்லை.

அப்படியானால் எதைத்தான் காட்டுவது? எண்களைக் காட்டலாம்!

'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரை வைத்து, பேசிக் மொழியில் அவர் ஓர் ஆட்டத்தை எழுதினார். 1972-ல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் கணினிக்காக அதைத் திருத்தி எழுதினார். 1973-ல் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுப் புத்தகத்தில் அதன் ஒரு வடிவம் அச்சானது. 1974-ல் பாப் லீடம் அதை மேலும் செம்மைப்படுத்தினார். 1978-ல் ஆலின் புத்தகம் சிறு கணினிகளுக்கான பதிப்பாக வந்தபோது, இந்த ஆட்டம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. புத்தகத்தைப் பார்த்து வரி வரியாகத் தட்டச்சு செய்து விளையாடிய தலைமுறை அது.

ஆட்டம் இதுதான். அண்டம் 8-க்கு 8 கட்டம், மொத்தம் 64 மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலமும் மறுபடி 8-க்கு 8 கட்டம். குறிப்பிட்ட நாளுக்குள் எதிரிக் கப்பல்கள் அத்தனையையும் அழிக்க வேண்டும். எதிரி எங்கே, உதவித் தளம் எங்கே என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பரவலாகப் புழங்கிய வடிவத்தில் கையில் இருப்பது 3,000 அலகு ஆற்றலும் 10 டார்ப்பிடோக்களும்.

சூட்சுமம் அந்த 3,000-ல் இருக்கிறது. நகர்வதற்கும் அதிலிருந்துதான் செலவு. சுடுவதற்கும் அதிலிருந்துதான். கேடயத்துக்கும் அதிலிருந்துதான். கேடயத்தில் அதிகம் போட்டால் சுட ஆற்றல் இல்லை. ஆவேசமாகச் சுட்டுத் தீர்த்தால் தளத்துக்குத் திரும்ப வழியில்லை. எதிரி ஒருவன்கூட அருகில் இல்லாத வெற்று வெளியில், ஆற்றல் தீர்ந்து தோற்ற தலைவர்கள் ஏராளம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை அந்த டெலிடைப் காகிதம் வேறு பாஷையில் சொன்னது.

1980: செத்தால் செத்ததுதான்

அடுத்த திருப்பம் நடந்தது விண்வெளியில் அல்ல, பாதாளத்தில். அதே கலிபோர்னியாவில் சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விச்மன் இருவரும் 1980-ல் 'ரோக்' ஆட்டத்தை உருவாக்கினார்கள். பிறகு பெர்க்லியில் கென் ஆர்னால்ட் சேர்ந்துகொண்டார். அந்தக் காலத்துச் சாகச ஆட்டங்களில் ஒருமுறை விடை கண்டுபிடித்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும். எழுதியவர்களுக்கே ஆச்சரியம் தரும் ஆட்டம் வேண்டும் என்பது இவர்கள் ஆசை. அதனால் சுரங்கத்தின் அறைகளையும் பொருள்களையும் கணினியே ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கியது.

ஆட்டத்தை இடையில் சேமித்து வைக்கலாம். ஆனால் திரும்பத் திறந்ததுமே அந்தக் கோப்பு அழிக்கப்பட்டுவிடும். செத்தபின் பழைய சேமிப்புக்குப் போய்த் திருத்திக்கொள்ள முடியாது. ஆட்டக்காரரைக் கொடுமைப்படுத்த வைத்த விதி அல்ல இது. தெரியாத மருந்தைக் குடிக்கலாமா, வேண்டாமா என்ற முடிவுக்கு மதிப்பு வர வேண்டுமானால், அதன் விளைவும் நிலைத்து நிற்க வேண்டும் அல்லவா? மாற்றிக்கொள்ள முடிகிற முடிவுக்கு யாரும் யோசிப்பதில்லை.

ரோக் பல்கலைக்கழகக் கணினிகளில் பரவியது. 'ஹேக்', 'நெட்ஹேக்' என்று வாரிசுகள் வந்தன. 'ரோக் மாதிரி' என்பதே 'ரோக்லைக்' என்று வகையின் பெயரானது.

2002: ஒரு கப்பல் படையானது

ஸ்டார் ட்ரெக் ஆட்டத்தின் கணக்கும் ரோக்கின் கண்டிப்பும் விண்வெளியில் அழகாகச் சந்தித்த இடங்களில் ஒன்று, 'டிஜிட்டல் ஈல்' என்ற சிறிய குழு 2002-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ் இன் இன்ஃபினிட் ஸ்பேஸ்'. ரிச் கார்ல்சனும் ஈக்கா கெரானெனும் அதன் முக்கிய மூளைகள். ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மதிய உணவு இடைவேளையில் ஓர் அண்டத்தையே சுற்றி வரலாம்.

தலைமைக் கப்பலோடு புறப்படும் ஆட்டக்காரர், வழியில் கூலிப்படைக் கப்பல்களையும் நட்புக் கப்பல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, இப்போது அவர் ஒரு சிறு படைக்கே தலைவர். ஆனால் ஆட்டத்துக்குள் 10 ஆண்டுதான் கெடு. அதற்குள் சொந்த ஊர் நட்சத்திரத்துக்குத் திரும்ப வேண்டும். இன்னும் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தவர்கள் கெடுவைத் தவறவிட்டு மதிப்பெண்ணை இழந்தார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் தலைமையின் ஒரு பகுதி என்பது இந்த ஆட்டம் சேர்த்த பாடம்.

2012: தலைவரின் நாற்காலி

ஷாங்காயில் இருந்த ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் மாத்யூ டேவிஸும் ஜஸ்டின் மாவும். இருவரும் 2011-ல் வேலையை விட்டுவிட்டு, சொந்தச் சேமிப்பில் ஓர் ஆட்டத்தைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். விமானியாக இருந்து கப்பலை ஓட்டுவது அல்ல, தலைவனாக இருந்து ஆணையிடுவது எப்படி இருக்கும் என்பதே அவர்கள் காட்ட நினைத்தது. வேலையை முடிக்கப் பணம் தேவைப்பட்டபோது, 2012-ன் தொடக்கத்தில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் 10,000 டாலர் கேட்டார்கள். வந்ததோ 2,00,000 டாலருக்கு மேல்!

2012 செப்டம்பரில் வெளிவந்த அந்த ஆட்டம்தான் 'எஃப்.டி.எல்: ஃபாஸ்டர் தேன் லைட்'. 2008-ல் பெர்லினில் கூடியவர்கள் ரோக்லைக்குக்கு எழுதிய இலக்கணத்தில் இது முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் அந்தச் சொல்லைப் பெருங்கூட்டத்துக்கு அறிமுகப்படுத்திய ஆட்டங்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

முக்கியமான தகவல் ஒன்றைச் சுமந்துகொண்டு ஒற்றைக் கப்பல் ஓடுகிறது. பின்னால் கலகக்காரர்களின் பெரும்படை துரத்துகிறது. கடக்க வேண்டியவை 8 பகுதிகள். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அலகு எரிபொருள் போகும், துரத்தும் படையும் நெருங்கும். ஜெயித்தால் கிடைக்கும் 'ஸ்க்ராப்' என்ற உலோகக் கழிவுதான் அங்கே பணம். கப்பலின் உடல் வலிமை 30 புள்ளிகள். கடைசியில் கலகக்காரர்களின் தலைமைக் கப்பலோடு மூன்று கட்டச் சண்டை.

இதில் முதன்முறை விளையாடுபவர்கள் இரண்டு விதமாகச் சாகிறார்கள்.

முதல் வகை, வந்த சண்டையை எல்லாம் போடுபவர்கள். ஒரு சண்டையில் 20 ஸ்க்ராப் கிடைத்தது, ஆனால் கப்பலில் 10 ஓட்டை விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையை அடைக்கவும் கடையில் அதே ஸ்க்ராப்பைத்தான் கொடுக்க வேண்டும். வரவைப் பார்த்தவர் செலவைப் பார்க்கவில்லை! எதிரி சரணடைந்து பொருள் தருகிறேன் என்கிறபோது, சில நேரம் அதை வாங்கிக்கொண்டு விலகுவதே லாபம்.

இரண்டாம் வகை, பயந்து பதுங்குபவர்கள். சண்டையைத் தவிர்த்து வேகமாகக் கடைசிப் பகுதிக்கு வந்துவிடுவார்கள். அல்லது ஸ்க்ராப்பைச் சேர்த்துச் சேர்த்துப் பூட்டி வைப்பார்கள். சேர்த்து வைத்த உலோகம் ஏவுகணையைத் தடுக்காது. கேடயமாக மாற்றியிருந்தால் தடுத்திருக்கும். பலவீனமான கப்பலோடு கடைசிச் சண்டைக்கு வந்து அங்கே சாகிறார்கள்.

வணிகவியல் வகுப்பில் நடைமுறை மூலதனம் என்று சொல்வதும் இதைத்தான். ஏட்டில் லாபம் காட்டுகிற நிறுவனம்கூட, கையில் ரொக்கம் இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். அதே சமயம் ரொக்கத்தை முடக்கி வைத்திருக்கும் நிறுவனமும் வளராது. எஃப்.டி.எல். தலைவனின் வேலை இந்த இரண்டு சாவுக்கும் நடுவில் நடப்பது. இன்னொரு வசதியும் உண்டு. ஆட்டத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வைத்து யோசிக்கலாம். ஆக, தோற்றவர் "கை வேகம் போதவில்லை" என்று சாக்குச் சொல்ல முடியாது.

2019: இறந்தும் எழுந்த தளபதி

'க்ரையிங் சன்ஸ்' என்ற ஆட்டம் 2019-ல் வந்தது. இதில் ஆட்டக்காரர் எல்லிஸ் ஐடஹோ என்ற தளபதி. பெரும் போர்க்கப்பலில் அமர்ந்து சிறு போர்ப்படைகளை ஏவிச் சண்டை நடத்துகிறார். இங்கே மரணமே கதைக்குள் வந்துவிட்டது. தளபதி இறந்தால் அவருடைய நகல் உயிர் பெற்று, பயணத்தை மறுபடி தொடங்குகிறது. கப்பலும் சரக்கும் போயின. முக்கியமாக மிஞ்சியது ஆட்டக்காரர் கற்றது.

யோசித்துப் பார்த்தால் 1980 முதலே நடந்தது இதுதான். இந்த ஆட்டங்களில் வளர்வது திரையில் உள்ள தலைவன் அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

பிழைத்தவர்களின் வழி

இந்த ஐம்பது ஆண்டுக் கதையில் பிழைத்த தலைவர்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரும்பும் வழிக்கான செலவை முதலில் ஒதுக்கினார்கள். ஜெயிக்க முடிகிற சண்டையிலும் அதன் விலை என்ன என்று கேட்டார்கள். கையில் வந்ததைத் தூங்க விடாமல், அடுத்த ஆபத்துக்கு எது உதவுமோ அதில் போட்டார்கள். கெடு முடிவதற்குள் நிறுத்தினார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் பெரும்பாலான பயணங்கள் தோல்வியில்தான் முடிகின்றன. வரைபடம் புதியது, அதிர்ஷ்டமும் தன் பங்கைக் கேட்கும். ஆனால் சரியாகக் கணக்குப் பார்த்தும் தோற்றவருக்கும், பார்க்காமல் தோற்றவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதலாமவருக்குத் தாம் எந்த இடத்தில் தோற்றோம் என்று தெரியும். அடுத்த ஆட்டத்தில் அவர் ஒரு மண்டலமாவது கூடுதலாகக் கடப்பார்.